ஈரச்சாக்குக் குருவம்மாள்

குருவம்மாள் ஓர் அதட்டல் போட்டால், தேவாரம் ஊர்ச் சோளக்காட்டில் இறங்கிய மூன்று யானைகளும் வந்த வழியே மலையேறிவிடும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். யானை ஒன்றே ஒன்று, அதுவும் வயிறு நிரம்பித் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் போடியில் அவளோடு பீங்கான் கொட்டகையில் வேலை பார்த்த ஐந்து பேரைக் கேட்டால், யானையே தேவலை என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஆறு பேர் கூட்டுச் சேர்ந்து எடுத்த கொட்டகை அது. ஊறுகாய் ஜாடி செய்தார்கள். வெள்ளைக் களிமண்ணோடு கலக்கிற கல்மாவு, மூலையில் மூட்டை மூட்டையாய் இருக்கும். குருவம்மாளின் அண்ணன் உக்கிரபாண்டி அந்தக் கல்மாவு அரைக்கிற மில்லில் ஆறு வருடம் இருந்தவன். அந்தத் தூசி நெஞ்சில் படிந்து, படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்கி, முப்பத்திரண்டு வயதில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான்.

அதனால் கொட்டகையில் அவள் வைத்ததே சட்டம். வாசலில் ஈரச்சாக்கு கிடக்கும். அதை மிதிக்காமல் எவரும் உள்ளே வர முடியாது. காய்ந்த ஜாடியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும். தரையில் விளக்குமாறு படக்கூடாது, நனைத்துத்தான் வழிக்கவேண்டும். பளபளப்புக்குப் பூசுகிற கலவை வாளியின் பக்கத்தில் எவராவது தின்பண்டம் பிரித்தால் அது தெருவுக்குப் பறக்கும்.

"என் வடையத் தூக்கி எறிஞ்சவ உருப்படுவாளா?" என்று, கொட்டகையில் மூத்தவரான வீரையா மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுபத்தொன்பது ஆயுத பூசைக்கு முதல்நாள், அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இரு. எதுலயாச்சும் கைய வச்சே, அஞ்சு பேரும் கைநாட்டு வச்சு உன்னை அனுப்பிருவோம்."

கூட்டுப் பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. மற்ற ஐவரும் ஒப்பினால் ஒருவரை நீக்கலாம். நீக்கினால் மலைக்குக் கூலியாள் ஏற்றிப்போகிற ஏலத்தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான். முழங்கால் விட்டுப்போன குருவம்மாளுக்கு அந்தச் சரிவில் பத்தடி ஏற முடியாது.

மறுநாள் ராசிங்காபுரம் பஸ்சில் அவள் வந்து இறங்கும்போது, கொட்டகைக்குள்ளிருந்து புகைபோல் வெள்ளையாய் வந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிற நாளில் சுத்தம் வேண்டாமா? வீரையா காலிச் சாக்குகளை உதறினார். கூட்டாளி ராக்கையா விளக்குமாற்றால் விளாசினான். உத்தரத்துத் தொட்டிலில், ஐவரில் ஒருத்தியான பாண்டியம்மாளின் நான்கு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா!"

"வந்துட்டா தண்ணிப்பேயி. சாமி காரியம்டீ இது!"

குருவம்மாள் மண்தொட்டி ஓரத்துக் குடத்தைத் தூக்கி விசிறி ஊற்றினாள். தரை நனைந்தது. வீரையாவின் புது வேட்டி நனைந்தது. ஜாடி வனைகிற சக்கரத்துக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஓடின. படையலுக்கு வைத்த பொரி மிதந்தது.

"பொரி பூரா போச்சே, தரித்திரம் புடிச்சவளே!" என்று குதித்தார் வீரையா.

"பொரிய சந்தையில வாங்கிக்க. நெஞ்சு எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லு, வாங்கியாறேன்."

"உங்கண்ணன் பீடி குடிச்சுச் செத்தான், ஊருக்கே தெரியும்!"

"அவன் பீடியத் தொட்டதில்ல. உன் வாயில மண்ணு! அதுவும் ஈரமண்ணு!"

பாண்டியம்மாள் தொட்டிலுக்கு ஓடினாள். "தூங்குற பிள்ள மேல தெறிக்க விட்டியேக்கா, நீயெல்லாம் பொம்பளையா?" என்று ஏசிக்கொண்டே முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். நீலச்சேலையில் ஈரம் மட்டும் வரவில்லை. வெள்ளையாய்ப் பசை வந்தது. மூக்கைத் துடைத்தாள், அங்கேயும் வெள்ளை. இன்னொரு முறை துடைத்தாள். ஏச்சு பாதியில் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வீரையா காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்தார். அவரும் ராக்கையாவும் மற்ற இருவரும் கட்டைவிரலை அழுத்தினார்கள். குருவம்மாள் காலிக்குடத்தை இறக்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாண்டி, வெரசா வந்து வையி," என்று வெளியே பார்த்துக் கத்தினார் வீரையா. அவள் வருவதற்குள்ளேயே குருவம்மாள் பக்கம் திரும்பினார். "அஞ்சு பேரும் சொல்லியாச்சு. குடத்த வச்சிட்டுக் கெளம்பு."

பாண்டியம்மாள் ஈரச்சாக்குவரை வந்து நின்றாள். "உன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கலக்கா," என்றாள் குருவம்மாளிடம். பிறகு வீரையாவைப் பார்த்தாள்.

"அஞ்சு இல்லண்ணே. நாலு."