அந்தப் பக்கத்துக் கரண்டு

எங்கள் ஊரில் லைன் என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் கழியாது. பாறசாலைக்குப் போகிற பஸ் லைன் பஸ். ஒரு பையன் ஒரு பெண்ணோடு போனில் பேசிக்கொண்டே இருந்தால் அவனுக்கு லைன் உண்டு. ரேஷன் கடையில் நிற்பது லைன், போன் கிடைக்காவிட்டால் லைன் பிஸி. என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒற்றையடிப் பாதையும் லைன்தான். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஒரு சொல் கையில் கிடைத்தால் அது தேய்ந்து நூலாகும்வரை நாங்கள் விடமாட்டோம்.

என் கணவருக்கு நுரையீரல் இறுகிப்போன பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "லைன் கிட்டல்ல" என்பாள். ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை என்று அர்த்தம். முதல் லைன் மருந்து கேட்கவில்லை, இரண்டாம் லைனும் கொடுத்தாயிற்று என்றார் டாக்டர். அதற்கடுத்து என்ன லைன் என்று கேட்டேன். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுதான் பதில் என்று எனக்கு உறைப்பதற்குள் பஸ் எங்கள் ஊர் வந்துவிட்டது.

மெஷின் கரண்டில் ஓடுவது. போன மழைக்காலத்தில், சோற்றுக்கு உலை வைத்திருந்த நேரம், காற்றில் ஒரு ரப்பர் மரம் முறிந்து கம்பிமேல் விழுந்தது. எங்கள் பக்கம் முழுக்க இருண்டது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் அதே மரம் ரோட்டையும் அடைத்துக் கிடந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரில் முள் சிவப்பை நெருங்கியிருந்தது. அதைத் திறந்து அவர் மூக்கில் குழாயை மாட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

எல்லையோர வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு முனையிலும் பின் வைத்த நீளமான வயர் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். இங்கே கரண்டு போனால் நம் மெயினை அணைத்துவிட்டு, அந்த மாநிலத்து வீட்டு ப்ளக்கில் ஒரு முனையும் நம் வீட்டு ப்ளக்கில் மறுமுனையுமாகச் சொருகுவோம். அங்கே போனால் இங்கிருந்து கொடுப்போம். சட்டப்படி தப்பு; மெயினை அணைக்க மறந்தால் கரண்டு வெளிக் கம்பியில் ஏறிவிடும், உயிருக்கும் ஆபத்து. அதற்காக யாரும் விட்டதில்லை.

பாதையில் நின்று கத்தினேன். பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா குடைகூட எடுக்காமல் ஓடி வந்தாள். "வெப்ராளப்படாதே மக்கா, எங்களுக்குக் கரண்டு உண்டு. இன்னா, பிடி!" என்று வயரை எறிந்தாள். மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. சிலிண்டரை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மழை விட்டதும் லைன்மேன் வந்தார். மரத்தை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். கம்பி அறுந்து கிடக்க, எங்கள் வரிசை வீடுகளில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எல்லாரும் அந்த வயரைப் பிடுங்குங்க. இல்லாம நான் கம்பியத் தொடமாட்டேன்."

மற்ற வீடுகளில் பிடுங்கினார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"எங்க மெயின் ஆஃபாக்கும். நீங்களே வந்து பாருங்க."

"எல்லாரும் சொல்லுறது இதுதான் சேச்சி. என்கூட வேலை பாத்தவன் இதை நம்பித்தான் போஸ்ட்டுல ஏறினான். பொணமாத்தான் எறக்கினோம்."

"உள்ள கெடக்குற ஆளுக்கு மூச்சே அதிலதான் ஓடுது."

"எனக்கும் வீட்டில ஆளு உண்டு, சேச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சினார். விவரம் தெரிந்தவர்கள் வேறு வழி சொல்லியிருப்பார்கள். அன்று அங்கே நின்ற யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. உள்ளே போய்ச் சிலிண்டரைத் திறந்தேன். வயரைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது.

ஜன்னல் வழியே போஸ்ட்டில் லைன்மேன் ஏறுவது தெரிந்தது. சீக்கிரம் முடித்துத் தொலையேன் என்று பல்லைக் கடித்தேன். அடுத்த மூச்சில், கடவுளே அந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டினேன். சிலிண்டரின் முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. என் கணவரின் உதடு நீலம் பூத்தது. அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, "இன்னா வந்திடும், இன்னா வந்திடும்" என்று பிதற்றினேன். அவர் தோள் ஏறி ஏறி இறங்கியது. பிறகு ஏறுவதும் குறைந்துகொண்டே வந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றே நினைவில்லை.

கரண்டு வந்தது. மெஷின் கூவியது. குழாயை அதில் மாட்டி, அவரைத் தூக்கி என்மேல் சாய்த்துக்கொண்டேன். வெளியே யாரோ லைன்மேனுக்கு டீ கொடுக்கச் சொல்வது கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் என் கணவருக்குப் பேச்சு வந்தது.

"எட்டி."

"என்ன வேணும்?"

"கடைசியில வலி ஒண்ணும் இல்ல, கேட்டியா. நல்ல சொகமா இருந்து. இனி ஒருக்க இப்படி வந்தா நீ ஓடாதே. பக்கத்தில இரி, போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருப்பேன். "சும்மா கெடயும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் உலை அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அரிசியைப் போடாமல் வெறும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.