பட்டினி கிடந்த எட்டாவது எலி

எலியின் மூளை எவ்வளவு சர்க்கரை தின்கிறது என்று படம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. வெளியே சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மாதக்கணக்கில் பார்த்த வேலை ஒரு நிமிடத்தில் கெட்டுப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கனமான பெட்டி

எங்கள் ஆய்வுக்கூடம் தேனியைத் தாண்டிக் கம்பம் சாலையில் இருக்கிறது. எலிக்கு ஊசியில் ஏற்றுவது கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை. மூளையில் எந்த இடம் அதை இழுத்துக்கொள்கிறதோ, அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மருந்து சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து காரில், ஈயப் பெட்டிக்குள் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் தானாகப் பாதியாகிவிடும்.

சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டமும் அதே சாலையில்தான். ஒருமுறை நானே மருந்தோடு காரில் வந்தபோது தேனியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, முடியாமல் வைத்துவிட்டுச் சொன்னார்: “தானா கொறையிற சாமானுக்கு எதுக்குய்யா இம்புட்டு கனத்துல பெட்டி?”

யாருக்கு சுகர்?

வயிறு காலியாக இருந்தால்தான் எலியின் மூளை நாங்கள் கொடுக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். தின்றிருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது, படம் மங்கிவிடும். அதனால் படம் எடுக்கும் நாளில் காலை ஆறு மணிக்கே தீனியை எடுத்துவிடுவோம். ஊசிக்கு முன் வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நமக்கெல்லாம் பார்க்கும் அதே சுகர் மீட்டரில் பார்ப்போம்.

அதற்கான ஸ்ட்ரிப் வாங்கும் மருந்துக் கடைக்காரர், வீட்டில் யாருக்கு என்று ஒருநாள் அக்கறையாக விசாரித்தார். எலிக்கு என்றேன். அவர் உள்ளே இருந்த மனைவியிடம் குரல் கொடுத்தார்: “எலிக்கும் வந்துருச்சாம். இனி நம்ம எங்கிட்டுத் தப்பிக்க?”

ஒரு விள்ளல்

நசீமா உத்தமபாளையத்துப் பெண். வயதானால் எலிக்கு மறதி வருவது பற்றி எங்கள் கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். எட்டு எலிகள். ஒவ்வொன்றையும் பதினெட்டு மாதம் வளர்த்து, அந்த வயது தாண்டுவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். ஏழு முடிந்திருந்தது. நசீமா நிறைமாதமாக இருந்ததால் மருந்து இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. ஊசி போடுவது என் பொறுப்பு.

எட்டாவது எலியின் ரத்தத்தைப் பார்த்தால் மீட்டர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன், அதேதான். பட்டினி எலிக்கு நூறைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். கூண்டுகளைச் சுத்தம் செய்யும் பேச்சியம்மா அக்கா தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார். காலையில் நசீமாவுக்கென்று கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்து, வாசலில் உட்காரவைத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த கூண்டுக்குள்ளிருந்து எலி எட்டிப் பார்த்திருக்கிறது. “புள்ளத்தாச்சி திங்கையில வாயுள்ள ஜீவன் ஏங்கிப் பாத்தா வயித்துப் புள்ளைக்கு ஆகாது. அதான் ஒரு விள்ளல் போட்டேன்” என்றார். ஒரு விள்ளல் அல்ல, முழுப் பணியாரம் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டாவது எலி இல்லையென்றால், வேறு எலியை இன்னும் ஒன்றரை வருடம் வளர்க்க வேண்டும். பேசாமல் ஊசியைப் போட்டுவிடலாமா என்றுகூட நசீமாவிடம் கேட்டேன். மங்கலான படத்தை வைத்து நல்ல எலிக்கு மறதி என்று எழுதவா என்று திருப்பிக் கேட்டாள். வயது தாண்ட மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. கண் கலங்கி இருந்தாலும், பதிவேட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “எலி தின்னுருச்சுன்னு மட்டும் எழுதுங்கண்ணே. அக்கா பேரு வேணாம்.”

கடைசிச் சனிக்கிழமை

அதற்குள் டாக்டர் சொல்லி நசீமா தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சியம்மா அக்கா காலை ஆறு மணிக்கே வந்து தீனித் தட்டைத் தன் கையால் எடுத்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், டீ கிளாஸோடு வந்த என்னையே உள்ளே விடவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. எலி தின்னாமல் தானும் தின்னப் போவதில்லை என்றார்.

மருந்துக் கார் அன்றைக்கென்று கூட்டத்தில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்தபோது இருந்தது ஒரு எலிக்குத்தான் போதும். எங்களிடம் இருந்ததும் ஒரு எலிதான். மீட்டர் தொண்ணூற்றிரண்டு காட்டியது. ஊசி போட்டேன். படத்தில் மூளை பளிச்சென்று வந்தபோது, நான் பெற்ற பிள்ளை பாஸான மாதிரி இருந்தது.

நசீமாவுக்குப் போன் செய்து சொன்னேன். சாப்பிடாமல் காவல் இருப்பதைக் காலையிலேயே அக்கா போனில் தன்னிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது இது மட்டும்தான்: “அக்கா இப்பவாச்சும் சாப்ட்டாகளா?”

படத்துக்காகப் பட்டினி கிடந்த எலிகள் எட்டு என்று நசீமாவின் ஆய்வேட்டில் இருக்கிறது. ஒன்பதாவது ஆளை எழுத அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.