தம்பி உடம்புக்குப் போன என் செல்கள்

மூன்றாவது நாள் ஊசிக்குப் பிறகு இடுப்பெலும்பு உள்ளுக்குள் விண்டுபோவதுபோல வலித்தது. நோயாளி நான் இல்லை. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சரக்கு ஆட்டோ ஓட்டும் என் தம்பி முருகேசனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்கு மூலச்செல் (ரத்த அணுக்களையெல்லாம் பிறப்பிக்கும் தாய்ச்செல்) கொடுக்க, அவன் அக்கா நான், ராமாபுரத்திலிருந்து வந்திருந்தேன்.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். அவன் மனைவி சுதா டாக்டரிடம் பேசிக்கொண்டிருப்பாள். நான் போனதும் பேச்சு நின்றுவிடும்.

அன்று வராந்தாவில் சுதாவோடு நின்ற டாக்டரை மறித்தேன். "அந்த ஊசி என்னங்க பண்ணுது? மறைக்காமச் சொல்லுங்க."

"மூலச்செல் மஜ்ஜையில இருக்கும்மா" என்றார். மஜ்ஜை என்றால் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம். "அங்க சுரக்கிற ஒரு புரதம் அதை வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கும். ஊசி அந்தப் பிடியைத் தளர்த்தும். செல் ரத்தத்துக்கு வந்துடும்."

"அவனுக்குக் கையிலதான ஏத்துவீங்க? எலும்புக்கு எப்படிப் போகும்?"

"அவர் எலும்புலயும் அதே புரதம் இருக்கு. அது கூப்பிட்டுக்கும்."

நம்ப முடியவில்லை. "நான் நாளைக்கே ஊருக்குப் போயிட்டா?"

டாக்டர் சுதாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவரோட மஜ்ஜையை மருந்து குடுத்து அழிச்சாச்சும்மா. இப்ப நீங்க போனா அவர் பிழைக்கிறது கஷ்டம்."

நான் கையெழுத்துப் போட்ட ஆங்கிலச் சம்மதத் தாளில் அது இருந்ததாம்.

"பயந்துக்குவீங்கன்னு நான்தான் வாய்விட்டுச் சொல்லல அண்ணி" என்று சுதா அழுதாள். அவளோடு நான் பேசவில்லை. ஊருக்குப் போகவும் இல்லை.

ஐந்தாம் நாள் இயந்திரம் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, செல்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறுகையில் திருப்பித் தந்தது. சாயங்காலம் அவை தம்பிக்குள் இறங்கின. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வழி தவறினால்?

இரண்டு வாரம் அவன் ரத்தத்தில் வெள்ளணுக்களே இல்லை. செல் ஏற்றிய பதினாறாம் நாள் கொஞ்சம் தெரிந்தன; என் செல்கள் அவன் எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்றார் டாக்டர். அறிக்கையை வாங்கி நானே விரல்வைத்துப் பார்த்தேன். சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்களிடமும் செல் கேட்டால், கொடுங்கள். தாளை உங்கள் மொழியில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது செல் ஏற்றிய நாளிலிருந்துதான் நாட்களை எண்ணுகிறேன். எனக்குத் தும்மல் வந்தாலும் தம்பியை ஃபோனில் கூப்பிடுகிறேன்: "உனக்கு ஒண்ணுமில்லையே?" கொடுத்தவருக்குச் சளி பிடித்தால் வாங்கியவருக்குப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.