குமாரின் உப்பு மாத்திரை

காஹாங் ஊரைத் தாண்டி, மலைப்பாதை செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் நெடுந்தூர ஓட்டப் பந்தயக்காரர்களுக்கான கூடாரம். அறுபதாவது கிலோமீட்டர். கூடாரம் மூடிய பிறகு வருகிறவர்கள் பந்தயத்தைத் தொடர முடியாது; மூடும் நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்பே வந்துவிட்டேன். தோட்டத்து அக்கா ஒருவர் தர்பூசணித் துண்டை நீட்டுகிறார்.

“கூட்டாளி எங்க தம்பி? காலையில மலை ஏறப் போறப்ப ரெண்டு பேராதானே இங்க தண்ணி பிடிச்சீங்க?”

“குமார் பின்னால வர்றான்க்கா. நேரம் போயிடும்னு நான் முந்திட்டேன்.”

தண்ணீர் எடுக்கப் பையைத் திறக்கிறேன். மேலேயே குமாரின் உப்பு மாத்திரைப் பொட்டலம். ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியபோது, பாரம் குறையட்டும் என்று அவன் சாமான்களை நான்தான் வாங்கிக்கொண்டேன். உச்சியில் கடிகாரத்தைப் பார்த்ததும் அப்படியே ஓடி வந்துவிட்டேன். “இது குமாரோட உப்பு மாத்திரைக்கா,” என்று அக்காவிடம் காட்டுகிறேன்.

“அலமாக், ஐயோ! அது உங்ககிட்ட இருந்தா, கால் இழுத்தா அவர் என்ன செய்வார் லா?”

நான் பந்தயத்தைத் தொடராமல் அங்கேயே நின்றுவிடுகிறேன். நேரம் முடிந்ததும் விசில் ஊதிக் கூடாரத்தை மூடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிக்கப் வண்டியில் குமார் வருகிறான். இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு இறங்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் வாடுகிறது.

“சாரிடா. ஏத்தத்துல எனக்காக நின்னுதான் உனக்கும் நேரம் போச்சு.”

உப்பு மாத்திரைப் பொட்டலத்தைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, அவன் இறங்கத் தோள் கொடுக்கிறேன்.