பெருக்கல் குறி போட்ட இடம்

டெய்லரக்கா பயப்படாமல் இருந்த நாள் ஒன்று கிடையாது. கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குக் கண் சொக்குகிறதா என்று முன்னால் போய் எட்டிப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகும் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். ஐம்பத்திரண்டு வயது வரை ஓர் எலும்பும் முறியாமல், ஒரு விரலிலும் ஊசி ஏறாமல் இருக்கிறாள் என்றால் அதற்கு அந்தப் பயம்தான் காரணம் என்பது அவள் கட்சி.

அவள் புருஷனோ ஒயர்மேன். பயம் என்ற சரக்கே அவரிடம் கிடையாது. பிளக்கில் பொறி பறக்கிறது என்று அவள் பத்தடி தள்ளி நின்று கத்தினால், கிட்டே போய்ப் புறங்கையால் தட்டிவிட்டு, "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்பார். ஏணி ஆடுகிறது என்றால் உச்சிப்படியில் ஏறி நின்று வேண்டுமென்றே ஆட்டுவார். பலகை இற்றுப்போயிருக்கிறது என்றால் அதன்மேல் ஏறி இரண்டு குதி குதித்துக் காட்டுவார். அவளுக்கு அவர் வைத்த பெயர் அலாரம். இருபத்தேழு வருஷமாக அவள் கத்துவதும் அவர் மிதித்துக் காட்டுவதுமாகக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் அவளுக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

அவ்வளவு வருஷமும் மாடி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் இந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய வீடு வாங்கினார்கள். பின்பக்கம் முப்பது அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலத்தில் ஒரு தோட்டம் இருப்பதாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது. கண்ணால் பார்த்தால் வெறும் முள்காடு. இரண்டு பேருமாகப் பத்து நாள் வெட்டினார்கள். புதர் போன பிறகு தரை தெரிந்தது. நடுவில் மேடு, இரண்டு ஓரமும் பள்ளம், கோடியில் ஒரு கொய்யா மரம். சுருட்டி எறிந்த பாயை விரித்துப் போட்டதுபோல ஓரிடமாவது சமமாக இல்லை.

வீட்டை விற்றவர் கடைசி நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "பின்னாடி ஒரு காலத்துல கிணறு இருந்துச்சு. எங்கப்பா காலத்துலயே மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒயர்மேன் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். காலை நகர்த்துமுன் கடப்பாரையால் குத்தி, சத்தம் கேட்டு, அப்புறம் ஓர் அடி வைத்தாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்தால் வலது கை ஓரம், மதிலுக்கு ஐந்தடி முன்னால், கடப்பாரை வேறு மாதிரி பேசியது. 'தொப்' என்று விழ வேண்டிய இடத்தில் 'டம்' என்றது. இன்னொரு தரம் குத்த அவளுக்குத் தைரியம் இல்லை. வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்னோக்கி நடந்தாள். வெட்டிப்போட்ட முள் கட்டு ஒன்றை நீளக் கொம்பால் தள்ளித் தள்ளி அந்த இடத்தின்மேல் போட்டுவிட்டு, அடுக்களைக்குள் வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயங்காலம் அவரிடம் கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். எந்த இடம் என்று மட்டும் காட்டவில்லை. காட்டினால் அந்த நிமிஷமே போய் ஏறிக் குதிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பதில் கடையிலிருந்து சட்டைக்கு மாதிரி வெட்டுகிற காக்கித் தாளைக் கொண்டுவந்து, தோட்டம் முழுவதையும் அளவு பிசகாமல் வரைந்தாள். கீழே அடுக்களை வாசல், மேலே கொய்யா மரம், நடு மேட்டில் பூச்செடி, ஒரு பக்கம் துணிக்கொடி, அதைத் தாண்டி ஓரமாக ஒரு செங்கல் திண்டு, மறு பக்கம் காய்கறிப் பாத்தி. அதற்கும் அப்பால் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"ஞாயித்துக்கிழமை கொத்தனார் வந்து தோண்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் இந்தப் பெருக்கல் போட்ட எடத்துல கால வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி அலாரம்."

"சிரிக்காம சொல்லுங்க."

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வைக்க மாட்டேன். பிளான்னு ஒண்ணு கையில குடுத்துட்டா நான் அத மீறுவனா? எத்தன வீட்டுக்கு ஒயர் இழுத்திருக்கேன், பிளானவிட்டு ஒரு அங்குலம் நகந்ததுண்டா?"

அது உண்மைதான். மனுஷர் வாயால் சொன்னால் எதையும் கேட்க மாட்டார். தாளில் வரைந்துவிட்டால் அது அவருக்குச் சட்டம். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவள் நிம்மதியாகப் படுத்தாள்.

வியாழக்கிழமை அவருக்கு லீவு. செங்கல் வந்து இறங்கியிருந்தது. திண்டை இன்றைக்கே கட்டிவிடலாம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை நாற்பது பாக்கி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் தாளும் கையுமாக வந்தார்.

"ஏம்மா, துவைக்கிற கல்லு இந்தப் பக்கம் இருக்கு. கொடிய அந்தக் கோடியில போட்டிருக்கியே. ஈரத் துணியத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கணுமே?"

அவள் வாங்கிப் பார்க்கவில்லை. இவர் மாற்ற ஆரம்பித்தால் எதை எங்கே மாற்றுவாரோ என்ற பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. "போட்டது போட்டபடி பண்ணுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கடை இரண்டு தெரு தள்ளி. பதினொரு மணி வாக்கில் அவள் ஒரு சட்டையின் முன்பாகத்தைக் கையில் எடுத்தாள். பை வைக்க வேண்டிய இடத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தாள். சுண்ணக்கோடு வெளியே தெரியக்கூடாது என்று தையற்காரர்கள் துணியின் உள்பக்கத்தில்தான் வரைவார்கள். விரித்த சட்டையில் பார்க்கிறவருக்கு வலது பக்கம் வரவேண்டிய பையை உள்பக்கத்தில் இடது பக்கமாக வரைவார்கள். திருப்பினால் சரியாக வந்துவிடும். முப்பது வருஷமாக அவள் கை இதை யோசிக்காமலே செய்துகொண்டிருந்தது. அன்றும் துணியைத் திருப்பினாள். இடது பக்கம் இருந்த கோடு வலது பக்கம் வந்து உட்கார்ந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. துவைக்கிற கல் இந்தப் பக்கம், கொடி அந்தப் பக்கம் என்று அவர் காலையில் சொன்னது காதில் கேட்டது. காக்கித் தாள். மாதிரி வெட்டுகிற தாள். அதன்மேல் அவள் தோட்டத்தை வரையவில்லை, தோட்டத்தின் உள்பக்கத்தை வரைந்திருக்கிறாள். இடது வலதாக, வலது இடதாக. வாசலும் மேடும் மரமும் நடுவில் இருந்ததால் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. பெருக்கல் குறி நல்ல தரையில் கிடக்கிறது. செங்கல் திண்டு கிணற்றின்மேல் இருக்கிறது.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மண் வேலை செய்யும்போது அவர் போனை அலமாரி மேல் வைத்துவிடுவார். அவள் எழுந்து ஓடினாள். விளக்கு எரிந்தபடி இருந்தது, கடைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. நாலு தரம் பூட்டை இழுக்கிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டது போட்டபடி பண்ணுங்க என்று சொன்ன தன் வாயைத் தெரு முழுக்கச் சபித்துக்கொண்டே ஓடினாள்.

அடுக்களை வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அங்கேதான் இருந்தார். வலது ஓரத்தில், மதிலுக்கு ஐந்தடி முன்னால். முள் கட்டை இழுத்து ஒதுக்கிவிட்டு, மூன்று வரிசை செங்கல் வைத்து, அதற்குள் நின்றுகொண்டு ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை, நீயே வந்துட்ட" என்றார் நிமிராமல். "என்ன தரைடி இது? காலையிலேருந்து மூணு தரம் மட்டம் பாத்துட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு பக்கம் எறங்குது."

அவர் காலைச் சுற்றி மண்ணில் ஒரு முடியிழை மாதிரி கோடு ஓடியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தபோதே அது இன்னும் கொஞ்சம் நீண்டது.

தொண்டை வரை வந்துவிட்டது அலறல். இருபத்தேழு வருஷமாக வெளியே வந்து பழகிய அலறல். ஆனால் அதற்கு அடுத்து என்ன நடக்கும் என்பதும் அவளுக்கு அத்தனை வருஷப் பழக்கம். அவள் அலறுவாள். அவர் சிரிப்பார். பார், ஒண்ணும் இல்ல என்று காலைத் தூக்குவார்.

நிலையைப் பிடித்திருந்த விரல் வெளுத்தது. அவள் சாதாரணமாக, பால்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, உங்க சூப்பர்வைசர் போன்ல இருக்கார். கொஞ்சம் வாங்க."

"நீ என்னன்னு கேளு."

"உங்ககிட்டத்தான் பேசணுமாம். சம்பள விஷயமாம்."

"லீவு நாள்லயும் விட மாட்டானுங்களே." அவர் ரசமட்டத்தைச் செங்கல்மேல் வைத்தார். மறுபடி எடுத்தார். துடைத்தார். அவள் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அவர் வரிசையைத் தாண்டி ஒரு கால் வைத்தார். அப்புறம் மறு கால். மேட்டில் ஏறினார். கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அவள் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து வாசலுக்குள் இழுத்தாள். பித்தான்கள் இரண்டு தெறித்து விழுந்தன.

"என்னடி..." என்று அவர் திரும்பினார்.

முதலில் சத்தமே இல்லை. ஒரு செங்கல் தலை குனிந்தது. பிறகு மூன்று வரிசையும் ஒன்றாக உள்ளே போயின. மக்கிய பலகைகள் முறிகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம் வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு நேரம் கழித்துத்தான் அடியில் எங்கோ தண்ணீர் அறைபட்டது.

ஒயர்மேன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிறலை அவள் பார்த்ததே இல்லை. மடியிலிருந்து காக்கித் தாளை எடுத்தார்.

"பிளான்படிதான வெச்சேன்" என்றார்.

அவள் தாளை வாங்கி, முன்பின்னாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கோடுகள் மறுபக்கமாக ஊடுருவித் தெரிந்தன. கொடி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்தது. சிவப்புப் பெருக்கல் குறி அந்த ஓட்டைக்கு நேராக வந்து நின்றது.

"துணியில போடற மாதிரி போட்டுட்டேங்க. உள்பக்கமா." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துகொண்டு வந்தது. "நானே உங்கள அங்க கொண்டுபோய் நிறுத்திட்டேன். நீங்க கேட்டப்ப வாங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காமப் போயிட்டேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓரத்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு பல்லி விழுந்தாலே தெருவைக் கூட்டுவியே" என்றார் கடைசியில். "இதுக்கு ஏன் கத்தல?"

"கத்தியிருந்தா நீங்க மிதிச்சுக் காட்டியிருப்பீங்க."

அவர் தரையில் ஊன்றியிருந்த இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படியின்மேல் வைத்துக்கொண்டார்.