இடைவேளைக்கு முன்னாடியே மாட்டிக்கிட்ட கொலைகாரன்

டிக்கெட் குடுக்குறவளுக்குக் கை இருந்தா போதும், வாய் எதுக்குன்னு நினைக்கிற முதலாளிங்க எல்லா ஊர்லயும் உண்டு. சின்ன ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து பொழைக்கிற சனங்களே, நீங்களும் பட்டிருப்பீங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்குக் கொஞ்சம் முந்தி, காஞ்சிபுரத்துல ஒரு சினிமா கொட்டாயில நான் பொம்பளைங்க கவுண்டர்ல இருந்தேன்.

ஒரே கேள்வி

ஜன்னல்ல கை நீட்டுறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "படம் பாக்கலாமாம்மா?" எந்தப் படமானாலும் "பிரமாதம்"னு சொல்லணும், அது முதலாளி உத்தரவு. நான் சொல்லமாட்டேன். முதல் ஆட்டத்தை நின்னுக்கினே பாத்துட்டு, மனசுல பட்டதைத்தான் சொல்லுவேன். வாலாஜாபாத்துல இருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாகிட்ட, "ஒரே அழுகை, வேணாம்மா"ன்னேன். அந்த அம்மா கையை இழுத்துக்கல.

"அழத்தாம்மா வந்தேன், வீட்டுல அழ நேரம் எங்க இருக்குது? குடு ஒண்ணு."

சஸ்பென்ஸ்

அப்புறம் ஒரு கொலைப் படம் வந்தது. "கொலைகாரன் யார்? கடைசி ரீல் வரை தெரியாது!"ன்னு முதலாளி வாசல்ல போர்டே எழுதி வெச்சாரு. படத்துல ஒரு பட்டு வியாபாரியைக் கொன்னுடறாங்க. இன்ஸ்பெக்டர் விசாரிக்கும்போது பக்கத்து வீட்டு நெசவுக்காரன், "மத்தியானம் பூரா ஒண்டியா உக்காந்து கோர்வைச் சேலை நெய்ஞ்சேன்"னு சொல்றான். இன்ஸ்பெக்டரும் தலையாட்டிட்டுப் போயிடறாரு.

கொட்டாயே எழுந்து கத்துச்சு. கோர்வைன்னா சேலையோட உடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து, கரை நூலை ஓட்டுற நாடாவைப் போடாம கோர்வை சேரவே சேராது. எங்க ஊர்ல இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அப்ப பொய் சொல்ற அவன்தானே கொலைகாரன்! புருஷனோட தறியில தினமும் நாடா போடுற எங்க தெரு கன்னியம்மாவுக்கு வந்துச்சே கோவம்!

"ஒண்டியா நெய்ஞ்சானாம்! அப்ப பக்கத்துல உக்காந்து முதுகு ஒடியற நாங்க யாரு, பேயா பிசாசா?"

உத்தரவு

மறுநாள் கேட்டவங்ககிட்ட, "பாக்கலாம்மா, ஆனா கொலைகாரனை இடைவேளைக்கு முன்னாடியே புடிச்சிடுவீங்க"ன்னேன். நாலு பேர் திரும்பிப் போயிட்டாங்க. முதலாளி உள்ள வந்து, "தெரியாதுன்னு சொல்லு, இல்லன்னா வேலைக்கு வராத"ன்னு எகிறினாரு. வீட்டுல அடுப்பு எரியறதே என் சம்பளத்துலதான். ஆனா பொய் சொல்லிட்டு அந்த நெசவுத் தெருவுல தினம் நடக்கவேண்டியவ நானு, அவரில்ல. "வருவேங்க. இதையேதான் சொல்லுவேன்"னேன். வாசல்ல டிக்கெட் கிழிக்கிற முனுசாமி தலையில அடிச்சுக்கினான்.

"யக்கா, இந்த வாய்க்கு உன் சீட்டு கிழியப் போவுது பாரு."

அமாவாசை

ரெண்டு நாள் கழிச்சு அமாவாசை. அன்னிக்கு ஒருத்தரும் தறியில உக்காரமாட்டாங்க, நெசவுத் தெரு மொத்தமும் மேட்னிக்கு வந்து நின்னுது. என் நாற்காலியில முதலாளியோட கொழுந்தியா! நான் போவல. ஜன்னல் பக்கத்துலயே நின்னேன்.

முதல் ஆளா கன்னியம்மா, "இந்தப் படம் பாக்கலாமாம்மா?"ன்னா. அந்தப் பொண்ணு, "பிரமாதம், கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது"ன்னுச்சு. "தெரியாதா? அப்ப படத்தை மாத்திட்டாங்க"ன்னு கன்னியம்மா திரும்பிட்டா, வரிசையும் அவ பின்னாடியே திரும்புச்சு. முதலாளி வேட்டியைப் புடிச்சிக்கினு ஓடி வந்து என்னை உள்ள உக்காரச் சொன்னாரு. நானும் உக்காந்து, அவர் காது கேக்கவே, "அதே படம்தான், கொலைகாரனை இடைவேளைக்கு முன்னாடியே புடிச்சிடலாம்"னு கத்தினேன். கன்னியம்மா ஜன்னல்ல கையை விட்டா.

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா! அவன் பொய் சொல்ற எடத்துல சேந்து கத்தத்தான் இத்தினி பேரும் வந்துக்கினு இருக்கோம்."

அந்தப் படத்தைப் பாக்கலாமான்னு இன்னிக்கு நீங்க கேட்டாலும் என் பதில் மாறாது: தாராளமா பாக்கலாம், கொலைகாரனை இடைவேளைக்கு முன்னாடியே புடிச்சிடுவீங்க, மிச்ச நேரமெல்லாம் அந்த இன்ஸ்பெக்டர் முழிக்கிறதுதான் படம்.