ஆலோசனைக் குழுவில் என் மனைவி

மாநில ஆலோசனைக் குழுவில் என் மனைவியை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள் என்று கடிதம் வந்தபோது, நான் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரக்கு வண்டி ஓட்டுவது என் பிழைப்பு. அவளுக்குத் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில், எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், பாக்குமட்டைத் தட்டு செய்யும் தொழில். இரண்டு இயந்திரங்கள், வேலைக்கு நான்கு பெண்கள்.

"ஏங்க, மெட்ராஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. என்னைய ஏதோ குழுவுல போட்டிருக்காகளாம். வெரசா வாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் போனில்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து படித்தோம். தொழில்களுக்கான கொள்கையை அரசு வகுக்கும்போது யோசனை சொல்ல ஒரு குழு. ஆலை முதலாளிகள், பேராசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று பெரிய பெரிய ஆட்கள். வீட்டோடு தொழில் நடத்தும் பெண்கள் சார்பில் ஒரே ஒருத்தி. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் நடந்த பயிற்சியில் இவள் ஓயாமல் கேள்வி கேட்டிருக்கிறாள். அங்கிருந்த அதிகாரிதான் இவள் பெயரை அனுப்பியிருந்தார்.

"கேள்வி கேக்குற ஆள அங்குட்டு அனுப்பிட்டா இங்க நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சிருப்பாரு" என்று சிரித்தாள். பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

மறுநாளே ஊர் திரண்டு வந்துவிட்டது. ஒருவருக்கு மகனுக்கு வேலை வேண்டும், இன்னொருவருக்கு அவர் தெருவுக்குச் சாலை வேண்டும். "மதினி, இனிமே நீங்க கையெழுத்துப் போட்டா எல்லாம் நடக்கும்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நாங்க யோசனைதான் சொல்லலாம். கேக்குறதும் கேக்காததும் அரசாங்கத்துப் பாடு" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. பதவி வந்ததும் நழுவுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு நானும் சென்னைக்குப் போனேன். கூட்ட அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவளிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன். "ஒண்ணுமே பேசல. காபி நல்லா இருந்துச்சு" என்றாள். ரயில் நிலையத்துக்கு வந்து டிக்கெட் எடுத்தோம். பிறகு, "நம்மளப் பத்தித்தான் பேசுறாக. ஆனா நம்மள யாரும் பாத்தது இல்ல போல" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் நான் சரக்கு ஏற்றிப் போகிற ஊருக்கெல்லாம் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். போகிற ஊரில் சிறு தொழில் செய்கிற பெண்கள் யாரென்று விசாரித்துப் போய் உட்காருவாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "ஒன் தொழில அரசாங்கத்துல பதியப் போனப்ப, எந்த எடத்துல நின்னுபோச்சு?"

தொப்பம்பட்டியில் முருங்கையிலைப் பொடி செய்யும் ஒரு பெண் இருந்தாள். "ஏனுங்க்கா, எல்லாம் பண்ணிப்போட்டனுங்க. கடைசியில போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லோணும்னாங்க. போனு எங்கூட்டுக்காரருகிட்ட இருக்குதுங்க. அவரு லாரி எடுத்துட்டுக் கேரளாவுக்குப் போயிட்டாருங்க."

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில வருடங்களுக்கு முன் இவளும் இப்படித்தான் கணினி மையத்தில் காத்திருந்தாள். ஆதாரில் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், அதனால் எண் என் போனுக்கு வந்தது. நானோ கொடைக்கானல் மலைப்பாதையில் இருந்தேன். சிக்னல் கிடைத்து நான் எண்ணைச் சொன்னபோது அது காலாவதியாகியிருந்தது. மூன்று தடவை அப்படி ஆனது. ஒவ்வொரு தடவையும் "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றேன். அந்த நாளைக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. நான் மறந்தே போயிருந்தேன்.

இரண்டாவது கூட்டத்தன்று அறையில் ஏசி பழுதாகி, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது பெஞ்சு வரை கேட்டது. ஒரு பேராசிரியர், பெண்கள் தங்கள் தொழிலைப் பதிவு செய்யாததற்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்று திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, செத்த நேரம் நான் பேசலாமா?"

அவள் குரல்தான். நான் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"விழிப்புணர்வு எல்லாம் இருக்குங்கய்யா. போன்தான் இல்ல."

தொப்பம்பட்டிப் பெண்ணின் கதையைச் சொன்னாள். பிறகு எங்கள் கதையையும் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் நல்ல மனுசன்தான். ஆனா அன்னைக்கு மல மேல இருந்தாரு. வெளிய பெஞ்சுலதான் இருக்காரு, வேணும்னா கேட்டுப் பாருங்க."

உள்ளே சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, நிதானமானவர். "சரிம்மா, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார்.

"போன் வழி இருக்கட்டும். இன்னொரு வழியும் வைங்க. வாரத்துல ஒரு நாள் ஒன்றிய ஆபீஸ்ல ஒரு ஆள் இருக்கட்டும். பொம்பளைக ஆதார் கார்டக் காட்டி நேர்ல பதிஞ்சுக்கிடட்டும்."

கூட்டம் முடிந்ததும் அந்தப் பேராசிரியர் நேரே என்னிடம் வந்து கைகொடுத்தார். "மலை மேல இருந்தவர் நீங்கதானா?" என்றார். அவருக்குக் கோபம் இல்லை. தன் கட்டுரையில் அந்த வரியை மாற்றி எழுதப்போவதாகச் சொன்னார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்கென்று ஒரு போன் வாங்கினேன். அதுவரை வீட்டுக்கு என்று பொதுவாகக் கிடந்த பழைய பொத்தான் போன் ஒன்றுதான் அவளுக்கு. "இப்பவா தோணுச்சு?" என்றாள். நான் பணம் கட்டப் போனேன். ரயிலில் என் தோளில் சாய்ந்தபடி, பெட்டியைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

குழுவின் அறிக்கை கனத்த புத்தகமாக வந்தது. அதன் பிற்பகுதியில் அவள் சொன்னது இரண்டே வரியாக இருந்தது. பல மாதம் கழித்து அரசாணை வந்தது. சில மாவட்டங்களில் மட்டும், அதுவும் மாவட்டத் தலைநகரில் மட்டும், வாரம் ஒரு நாள் நேரடிப் பதிவு. திண்டுக்கல் அதில் இருந்தது. நான் துள்ளினேன். அவளோ தலைவருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, நான் ஒன்றியம்னு சொன்னேன். தொப்பம்பட்டில இருந்து திண்டுக்கல்லுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும்."

"அம்மா, யோசனை சொல்றதுதான் நம்ம வேலை. பாதி நடந்ததே பெரிசு" என்றார் அவர்.

"மிச்சப் பாதியத் திருப்பிச் சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லலாம். அதுக்குத்தானே குழு இருக்கு."

முதல் பதிவு நாளில் தொப்பம்பட்டிப் பெண் இரண்டு தோழிகளோடு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். எழுத்தர் முதலில் எரிந்து விழுந்தார். என் மனைவி அரசாணை நகலை மேசையில் விரித்து வைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பெண் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏனுங்க்கா, இதுல எம்பேரு மட்டுந்தானுங்களே இருக்குது?"

"ஒன் தொழில்தான? பெறகு யார் பேரு இருக்கும்?"

அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். மூவரையும் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனோம். சான்றிதழில் எண்ணெய் பட்டுவிடும் என்று அதை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

குழுவின் காலம் போன மாதம் முடிந்தது. இவள் இடத்துக்கு வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். இனி இவள் ஓய்வாக இருப்பாள் என்று நினைத்தேன். நேற்று மதியம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். ஒன்றிய அலுவலகத்து விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது, விடாதே என்றாள்.

"அடுத்த வாரம் இங்கிட்டு வாத்தா. ஊரு ஊரா நாங்க வண்டியில கூட்டிட்டுப் போறோம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அடுத்த வாரத்துக்கு வந்த சரக்கு வாடகை இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.